ஹானபூட்டில் வந்த பன்னீர் வாசம்: அதிகம் பேர் தெரியாத திராட்சைகள், உங்கள் அனுபவம் என்ன?

கேப் டவுனிலிருந்து:

நான் கம்பம் பக்கத்து ஆள், பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வளர்ந்தவன். ஒயின் பற்றி எழுத அதைவிடப் பெரிய தகுதி எனக்கு எதுவும் இல்லை. இங்கே வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் எல்லாரையும் போல கேபர்னே, மெர்லோ, ஷிராஸ் என்ற பேர்போன சிவப்பு ஒயின்கள், வந்த ஊருக்கு மரியாதையாகக் கொஞ்சம் இந்த ஊர் ரகமான பினோடாஜ், அவ்வளவுதான். மற்ற பெயர்களெல்லாம் கடையில் அடித்தட்டில் இருக்கும், குனிந்து பார்த்ததே இல்லை.

மாறியது ஒரு பிப்ரவரி மாதம். என்1 சாலையில் ஹியூகனாட் சுரங்கப்பாதையைத் தாண்டி ராசன்வில் பக்கம் போய்க்கொண்டிருந்தோம், வெயில் மண்டையைப் பிளந்தது. சாலையோரத்தில் ஒருவர் அட்டைப்பெட்டியில் திராட்சை வைத்து விற்றுக்கொண்டிருந்தார், பலகையில் கையால் 'ஹானபூட்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு பெட்டி வாங்கிப் பின்சீட்டில் வைத்தோம். ஐந்து நிமிஷம் போயிருக்காது, வண்டிக்குள் ஒரு வாசனை கிளம்பியது, நான் ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். அறுவடை நாளில் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் குலைகளைத் தரம் பிரித்து அடுக்கும்போது வரும் வாசனை அது, அப்படியே. 'வெள்ளைத் திராட்சையில எப்படிங்க பன்னீர் வாசம்?' என்றாள் மனைவி. எனக்கும் அதே குழப்பம். எங்கள் பழம் கருநீலம், இதுவோ வெயிலில் பழுத்த மஞ்சள்பச்சை, மணியும் பெரிசு. கொட்டை மட்டும் இதிலும் உண்டு. (நாங்கள் கொட்டையோடு விழுங்குகிற வம்சம், பிள்ளைகள்தான் துப்புகிறார்கள்.)

அப்புறம் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஹானபூட் என்று இங்கே சொல்வது மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க். அந்த ஹாம்பர்க்கைப் பெற்ற இரண்டு ரகங்களில் ஒன்று ஸ்கியாவா க்ரோஸா, மற்றொன்று இந்த அலெக்ஸாண்ட்ரியாவேதான். ஆக, ராசன்வில் சாலையோரத்தில் நான் வாங்கியது எங்கள் பன்னீரைப் பெற்றவரை! அதற்கும் ஒரு தலைமுறை மேலே போனால் சின்ன மணி கொண்ட வெள்ளை மஸ்கட் வருகிறது, இங்கே மஸ்கட் டி ஃப்ரான்டின்யான் என்பார்கள். செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனுக்குப் போன, கேப் டவுன் கான்ஸ்டன்ஷியா பகுதியின் இனிப்பு ஒயினுக்குப் பேர் வாங்கித் தந்த ரகம். அழிந்துபோன அந்த ஒயினை 1986 அறுவடையிலிருந்து மறுபடி எடுக்கிறார்கள். ஒருமுறை ஒரு மடக்கு குடித்தேன். ஆரஞ்சுத் தோல், தேன், வாயில் போகவே மாட்டேன் என்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த விலைக்கு எனக்கு மனசு வரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஹானபூட்டில் ஜெரபிகோ என்று ஒன்று செய்வார்கள். சாறு புளிக்கும் முன்பே அதில் சாராயச் சத்தைச் சேர்த்து நிறுத்திவிடுவது. பழத்தின் இனிப்பு முழுசாக அப்படியே இருக்கும், சாராயம் 15 சதவீதத்துக்கு மேல். எனக்கு இது தெரியாது. ஐஸ் போட்டு ரோஸ்மில்க் மாதிரி இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நடந்தே போக வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அடித்தட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். அதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் சின்ஸோ. ஒரு காலத்தில் இங்கே அதிகம் பயிரான சிவப்பு ரகம் இதுதான், ஹெர்மிடேஜ் என்று பெயர். விலை மலிவு, நிறம் வெளிறல், பெரிய தொட்டிகளில் கலந்துவிடுவதற்கு என்றே வளர்த்தார்கள். 1925இல் பேராசிரியர் ஆப்ரஹாம் பெரோல்ட் இதையும் பினோ நுவாரையும் சேர்த்துதான் பினோடாஜை உண்டாக்கினார், பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், பினோவில் பாதி, ஹெர்மிடேஜில் பாதி. பிள்ளைக்குக் கிடைத்த பெருமை பெற்றதற்குக் கிடைக்கவில்லை.

இங்கே ரைலண்ட்ஸ் பகுதியில் ஓர் அக்கா வீடு, பூர்வீகம் டர்பன். அவர்கள் அம்மா வைக்கும் மட்டன் கறியில் உருளைக்கிழங்கு பெரிய பெரிய துண்டாகக் கிடக்கும், காரம் காதில் வரும். முதல் தடவை மரியாதைக்காக விலை கூடின கேபர்னே கொண்டுபோனேன். தப்பு. துவர்ப்பும் சாராயமும் காரத்தோடு சேர்ந்து நாக்கில் நெருப்பு வைத்தமாதிரி ஆகி, ஆளாளுக்குத் தண்ணீர் கேட்டார்கள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, 'தம்பி, இது மருந்தா?' என்றார். அடுத்த முறை சின்ஸோ, முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தது. சிவப்பு ஒயினைக் குளிர வைப்பதா என்று அக்காவின் கணவர் முகம் சுளித்தார். செர்ரிப்பழ வாசம், துவர்ப்பு இல்லை, கறியோடு சண்டையே போடவில்லை. அம்மா கேட்காமலே டம்ளரை நீட்டினார்.

செமியோன் என்ற வெள்ளை ரகத்தின் கதையும் இப்படித்தான். 1822இல் கேப்பில் இருந்த கொடிகளில் 93 சதவீதம் இதுதானாம், 'பச்சைத் திராட்சை' என்றே அழைத்தார்கள். இப்போது தேட வேண்டும். பழைய தோட்டங்களில் சில கொடிகள் தாமாகவே நிறம் மாறிச் சிவப்பாகக் காய்க்கும், அதற்கு ஆஃப்ரிகான்ஸில் வைத்த பெயர் 'ரோய் குரூன்', அதாவது சிவப்புப் பச்சை. இந்தப் பெயருக்காகவே ஒரு பாட்டில் வாங்கினேன்.

பல ரகம் சேர்த்த கலவைகளில் எனக்குப் பிடித்தது ஸ்வார்ட்லேண்ட் பகுதியின் வெள்ளை ஒயின்கள். ஷெனின் என்ற வெள்ளை ரகம் அடிப்படை, அதில் கிளேரெட், பலோமினோ, செமியோன் என்று கையில் கிடைத்த கிழட்டுக் கொடிகளையெல்லாம் சேர்ப்பார்கள். கூட்டுக்கறி மாதிரி, எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஒற்றை ரகம் என்று லேபிள் ஒட்டியிருந்தாலும் இங்கே சட்டப்படி அந்த ரகம் 85 சதவீதம் இருந்தால் போதும், அதனால் 'கலப்படமா' என்று மூக்கைச் சுருக்குகிறவர்கள் ஏற்கனவே கலவையைத்தான் குடித்துக்கொண்டிருக்கலாம். 35 வயது தாண்டிய தோட்டத்துப் பாட்டில்கள் பலவற்றின் கழுத்தில் கொடி நட்ட வருஷத்தோடு ஒரு முத்திரை இருக்கும், நான் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

அப்படி ஒரு தோட்டத்தில் நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கம்பியில்லை, பந்தல் இல்லை, பாசனமும் இல்லை, முழங்கால் உயரத்தில் கவாத்து பண்ணின கட்டைகள் மணலில் உட்கார்ந்திருந்தன. அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, 'பந்தல் போடாமலா? குலை மண்ணுல படாதா?' என்றார். படுவதில்லை என்றேன். 'ஏக்கருக்கு எவ்வளவு?' சில இடங்களில் ஹெக்டேருக்கு 3 டன்கூடத் தேறாது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. 'அப்புறம் எதுக்குடா வெச்சிருக்காங்க?'

டர்பனிலிருந்து:

அண்ணா, ஜெரபிகோ பேரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆயா காலத்தில் வீட்டில் ஒயின் என்று ஒன்று இருந்தால் அது இந்த இனிப்பு ஒயின்தான், அதுவும் முனீஸ்வரன் படையலுக்கு வைக்கிறது. ஆம்பளைகளுக்கு கேன் ஸ்பிரிட், அதாவது கரும்புச் சாராயம். படையல் முடிந்ததும் ஆயா அந்தப் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார், இருமலுக்கு ஒரு மூடி தருவார். அது ஹானபூட் பழத்தில் செய்தது என்று இன்றைக்குத்தான் தெரியும், லேபிளை நான் படித்ததே இல்லை. பழம் எங்கே கிடைக்கும்? இங்கே கடைகளில் கொட்டையில்லாத திராட்சைதான் கிடைக்கிறது.

ரீயூனியனிலிருந்து:

நான் புதுச்சேரி, இப்போது சேன்-தெனி. எங்கள் ஃபிரெஞ்சுத் தீவில் மேலே சிலாவோஸ் என்ற மலையூரில் இஸபெல் என்ற திராட்சை ரகம். 400க்கு மேல் வளைவு உள்ள மலைச்சாலை, ஏறி முடிப்பதற்குள் குடிக்கிற ஆசையே போய்விடும். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள், கம்பத்துக்காரருக்குப் பிடிக்கும். அமெரிக்கக் கொடியின் ரத்தம் கலந்தது, குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று சொல்லி 1934இல் ஃபிரான்ஸ் ஆறு ரகங்களைத் தடை செய்தது, அதில் இதுவும் ஒன்று. அந்த வருஷங்களில் அங்கே ஒயின் மிதமிஞ்சிக் கிடந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் பைத்தியம் யாருக்கு என்று புரியும். சிலாவோஸ்காரர்கள் விடவில்லை. அங்கே ஒயின் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் பிறகு ஷெனின், மால்பெக் எல்லாம் நட்டது, ஒழுங்கான ஒயின்தான். ஆனால் ஒரு வீட்டு வாசலில் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தந்த இஸபெல், இனிப்பும் ஸ்ட்ராபெரி மிட்டாய் வாசமும், நடுவில் நனைந்த நாய் மாதிரி ஒரு வாடை. நல்ல ஒயின் என்று சத்தியமாகச் சொல்ல மாட்டேன். இரண்டு பாட்டில் வாங்கினேன்.

கேப் டவுனிலிருந்து:

நனைந்த நாய்! நான் இதை வாங்கியே ஆகவேண்டும். டர்பன் தம்பிக்கு: ஹானபூட் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான், வெளியூருக்கு அவ்வளவாக வராது. பிரீட் ஆற்றுப் பக்கம் சில தோட்டங்களில் நீங்களே பறித்துக்கொள்ளலாம், எடைக்குக் காசு. காலை எட்டு மணிக்குள் போங்கள், அதற்கப்புறம் குளவி மொய்க்கும். சின்னக் கத்தரிக்கோல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கையால் இழுத்தால் மணி உதிர்ந்துவிடும்.