ஏர் ஃபில்டரும் பெடல் பாக்ஸும் மாற்றிய பின் வால்பாறை ஏற்றத்தில் திணறும் எஸ்யூவி: ரீமேப் செய்தால் தீருமா?

நொய்யல்கரை (கோவை)

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன் நடுத்தர அளவு எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஏழு கியர்களைக் கொண்ட உலர் வகை இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். இன்றுவரை 9,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் ஆறாயிரம் கிலோமீட்டரில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அப்பாவும் அம்மாவும் பின் இருக்கையில் அமர்ந்திருக்க இரண்டு முறை மலை ஏறி இறங்கியிருக்கிறேன்.

6,200 கிலோமீட்டரில் மூன்று மாற்றங்களை ஒரே வாரத்தில் செய்தேன். கழுவிப் பயன்படுத்தும் பருத்தி ஏர் ஃபில்டர், ஆக்ஸிலரேட்டரின் வேகத்தைக் கூட்டும் பெடல் பாக்ஸ், 215/60 R17 டயர்களுக்குப் பதிலாக 18 அங்குல அலாய் வீலில் 235/55 R18 டயர்கள். சமவெளியில் வண்டி துடிப்பாக மாறியதுபோல் தோன்றியதால் மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

சென்ற வாரம் ஐந்து பேருடன் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம். கொண்டை ஊசி வளைவைத் திரும்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடிக்கு மேல் எதுவும் நடப்பதில்லை; பிறகு வண்டி திடீரென்று பாய்கிறது. ஒன்பதாவது வளைவை நெருங்கும்போது கருகும் வாடை வந்தது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்துங்கள் என்ற எச்சரிக்கையும் திரையில் தோன்றியது. லோம்ஸ் காட்சிமுனையில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, மீதமுள்ள 31 வளைவுகளையும் பயந்துகொண்டே கடந்தேன். அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் வந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. முன்பு லிட்டருக்கு 13.5 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 11தான் கொடுக்கிறது.

சர்வீஸ் சென்டரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஃபில்டர் மாட்டிக்கொடுத்த கடைக்காரர், என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியை ரீமேப் செய்தால், அதாவது அதன் மென்பொருளை மாற்றி எழுதினால், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். ரீமேப் செய்யலாமா, அல்லது 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பார்க்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய பட்டறை (திருச்சி)

தம்பி, முதலில் ரீமேப் எண்ணத்தைத் தள்ளி வையுங்கள். நீங்கள் ஒரே கோளாறாக எழுதியிருப்பதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன என்பது என் கணிப்பு. மிதித்தும் வண்டி நகராமல் தயங்குவது ஒன்று. கிளட்ச் கருகுவது மற்றொன்று. மூன்று மாற்றங்களையும் ஒரே வாரத்தில் செய்ததால் எது எதற்குக் காரணம் என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கிளட்சைப் பற்றி இப்போதே சொல்லிவிடலாம். பெடல் பாக்ஸ் என்ஜினுக்கு அரைக் குதிரைத்திறன்கூடச் சேர்ப்பதில்லை. நீங்கள் கால் பங்கு மிதித்தால் பாதி மிதித்துவிட்டதாகக் கணினியிடம் சொல்வது மட்டுமே அதன் வேலை. சமவெளியில் அது துடிப்பாகத் தெரியும். வளைவில், மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி ஊர்ந்து திரும்பும்போது மென்மையாக மிதிப்பதற்கான இடத்தையே அது பறித்துவிடுகிறது. நீங்கள் காலை எடுப்பதும் மீண்டும் மிதிப்பதுமாக இருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் கிளட்ச் விட்டுவிட்டுப் பிடிக்கும். மேனுவல் வண்டியில் மேட்டில் ஹாஃப் கிளட்சில் நிற்பது எவ்வளவு கெடுதலோ அதே கெடுதல்தான் இங்கே உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. உலர் கிளட்சுக்குச் சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய்க் குளியல் கிடையாது.

டயரையும் கணக்கிட்டுப் பாருங்கள். 215/60 R17 டயரின் விட்டம் ஏறத்தாழ 690 மில்லிமீட்டர். 235/55 R18 டயரின் விட்டம் ஏறத்தாழ 716. இது 3.7 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேறுபாடு. பொதுவாக 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பார்கள். உங்கள் முதல் கியரின் இழுவை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. கிளட்ச் முழுமையாகப் பிடிப்பதற்கு வண்டி எட்ட வேண்டிய வேகமும் அதே அளவு கூடியிருக்கிறது. அதுவரை கிளட்ச் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். சக்கரத்தின் கூடுதல் எடை இதற்கு மேல்.

தயக்கத்தைப் பற்றி ஊகமாகப் பேச விரும்பவில்லை. வண்டியின் கணினியில் உள்ள எண்களைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை வாங்கிச் செருகி, கைபேசிச் செயலியில் இந்த எண்களைப் பாருங்கள். சாவி மட்டும் போட்டு, என்ஜினை இயக்காத நிலையில் மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது என்ஜினுக்குள் காற்று நுழையும் குழாயின் அழுத்தம், எவ்வளவு? ஏற்றத்தில் பாதிக்கு மேல் மிதிக்கும்போது அது எவ்வளவு உயர்கிறது? நீண்டகால எரிபொருள் திருத்தம், அதாவது லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது) எவ்வளவு, நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் எவ்வளவு, ஏற்றத்தில் எவ்வளவு? எண்களுடன் வாருங்கள்.

நெய்தல் வழி (நாகப்பட்டினம்)

ஐயா சொல்வதை என் அனுபவமும் உறுதிசெய்கிறது. என்னுடையதும் இதே அளவுள்ள எஸ்யூவிதான். ஆனால் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக். அதே போன்ற பெடல் பாக்ஸுடன் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஏறினேன். சூடு எச்சரிக்கை வரவில்லை, ஏனெனில் அங்கே வழுக்கலை எண்ணெய் ஏற்றுக்கொள்கிறது. இருந்தாலும் ஊருக்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி உலுக்கியதால் இரண்டே மாதத்தில் கழற்றிவிட்டேன். யாரோ ஒருவருக்குப் பொருந்திய மாற்றம் நமக்கும் பொருந்துமா என்று கேட்கும் முன், அவருடைய கியர்பாக்ஸ் எந்த வகை என்று கேட்க வேண்டும்.

நொய்யல்கரை

இருவருக்கும் நன்றி. எண்களை எடுத்துவிட்டேன். கோவையில் என்ஜினை இயக்காமல் பார்த்தபோது மேனிஃபோல்டு அழுத்தம் 96 கிலோபாஸ்கல். மருதமலை ஏற்றத்தில் பாதிக்கு மேல் மிதித்தபோது 168 வரை உயர்ந்தது. எரிபொருள் திருத்தம் விழுக்காட்டில்: ஐடிலில் கூட்டல் 2, 2,500 சுழற்சியில் கூட்டல் 9, ஏற்றத்தில் கூட்டல் 16. இவை எதைக் குறிக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை.

பழைய பட்டறை

மிக நன்றாக எடுத்திருக்கிறீர்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 96 என்பது சரியான எண். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார் நலமாக இருக்கிறது. 168 வரை உயர்வதால் டர்போவும் தன் வேலையைச் செய்கிறது. ஹோஸ் கிழிந்து அழுத்தம் பெரிதாக வெளியேறவில்லை.

விடை எரிபொருள் திருத்தத்தில் இருக்கிறது. கூட்டல் எண் என்றால், கணக்குப்படி ஊற்றிய பெட்ரோல் போதவில்லை என்பதை ஆக்ஸிஜன் சென்சார் வழியாக உணர்ந்து கணினி கூடுதலாக ஊற்றுகிறது என்று பொருள். த்ராட்டில் வால்வுக்குப் பின்னால், மேனிஃபோல்டில் எங்காவது ஓட்டை இருந்து அளக்கப்படாத காற்று உள்ளே நுழைந்தால், ஐடிலில்தான் திருத்தம் அதிகமாக இருக்கும். சுழற்சி கூடக் கூடக் குறையும். உங்களுக்கு நேர்மாறாக, காற்று கூடக் கூடத் திருத்தமும் ஏறுகிறது. எரிபொருள் அழுத்தம் குறைந்தாலும் இப்படிக் காட்டக்கூடும் என்றாலும், ஃபில்டர் மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறு என்பதால் நான் முதலில் ஐயப்படுவது, ஃபில்டரைத் தாண்டி வரும் காற்றை அளக்கும் காற்றளவு சென்சாரை. அதன் சூடான இழையின்மேல் படலம் படிந்தால், வரும் காற்றைக் குறைத்து அளக்கும்.

அந்தப் படலம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பருத்தி ஃபில்டரில் தூசியைப் பிடிப்பதற்காக எண்ணெய் தடவுவார்கள். அளவுக்கு மேல் தடவினால், காற்றோடு கிளம்பும் எண்ணெய்த் துளிகள் நேராகச் சென்று அந்த இழையில் படியும். மாட்டும் முன் கடையில் எண்ணெய் தெளித்தார்களா? திருத்தம் இந்த அளவில் இருக்கும்போது பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. அதனால்தான் சர்வீஸ் சென்டரில் பிழைக் குறியீடு கிடைக்கவில்லை.

காற்றளவு சென்சாருக்கென்றே விற்கும் தெளிப்பானை மட்டும் பயன்படுத்துங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம். துணியோ விரலோ இழையில் படவே கூடாது. தெளித்த பின் நன்றாக உலரவிட்டுப் பொருத்துங்கள். பழைய காகித ஃபில்டரையே மாட்டி, கற்றுக்கொண்ட திருத்தங்களைக் கணினியிலிருந்து அழித்துவிட்டு, 200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மீண்டும் எண்களைப் பாருங்கள். வழக்கமான ஓட்டத்தில் காகித ஃபில்டர் இந்த என்ஜினுக்குத் தடையே இல்லை. காற்று சற்றுக் குறைந்தாலும் டர்போ அதை ஈடுகட்டிவிடும்.

100 ஆக்டேன் பெட்ரோல் இதற்கு மருந்தன்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைகிறது என்பது உண்மைதான். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் நீங்கள் 13.5 எடுத்ததும் அதே பெட்ரோலில்தான். ஆகவே, குறைந்த இரண்டரைக் கிலோமீட்டருக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. பெரிய டயரால் ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டுவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்வராயன் (சேலம்)

ரீமேப் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இதே வகை என்ஜின், இதே வகை கியர்பாக்ஸ். 1,500 சுழற்சிக்கு மேல் கிடைக்கும் இழுவை உண்மையிலேயே மகிழ்ச்சி தரும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் பரவலாகப் பயன்படும் ஏழு கியர் உலர் இரட்டை கிளட்ச் ஒன்றின் வடிவமைப்பு வரம்பே 250 நியூட்டன் மீட்டர். நிறுவனம் கொடுத்த நிலையிலேயே என்ஜின் அந்த வரம்பைத் தொட்டுவிட்டது. ரீமேப் அதற்கு மேல் ஏற்றியதும் 14,000 கிலோமீட்டருக்குள் எனக்கு முதல் கியரிலும் பின் கியரிலும் நடுக்கம் தொடங்கியது. கிளட்ச் தொகுதியை என் செலவில் மாற்றினேன். ரீமேப்பை அழித்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல கணினிகள் வைத்திருக்கின்றன. உங்கள் வண்டிக்கு இன்னும் வாரண்டி இருக்கிறது. நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

தாமிரபரணி

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. 182ஏ(4) பிரிவின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஏர் ஃபில்டருக்காக யாரும் நம்மை நிறுத்தப்போவதில்லை. ஆனால் விபத்துக்குப் பின் காப்பீட்டு ஆய்வாளர் வண்டியைப் பார்க்கும்போது, தெரிவிக்காத மாற்றங்கள் வழக்காகக்கூடும்.

நொய்யல்கரை

பழைய பட்டறை ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கடையில் ஃபில்டரின் இரு பக்கமும் எண்ணெய் தெளித்ததை நான் பார்த்தேன். அது நல்லது என்றே அன்று நினைத்தேன். சென்சாரைக் கழற்றியபோது அதன் உறையிலேயே பிசுபிசுப்பு இருந்தது. தூய்மை செய்து, காகித ஃபில்டரை மாட்டி, பெடல் பாக்ஸைக் கழற்றிவிட்டேன். 220 கிலோமீட்டர் ஓடிய பின் எரிபொருள் திருத்தம் ஐடிலில் கூட்டல் 1, ஏற்றத்தில் கூட்டல் 3.

பழைய 17 அங்குல சக்கரங்கள் வீட்டிலேயே இருந்ததால் அவற்றையும் மாட்டிக்கொண்டு, நேற்று அதே ஐந்து பேருடன் வால்பாறைக்கே சென்றேன். தயக்கம் இல்லை, எச்சரிக்கை இல்லை, 40 வளைவுகளிலும் வாடை இல்லை. ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. மிகக் குறுகிய சில வளைவுகளில் கியர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே மாறி மாறித் தாவுகிறது. இது இயல்புதானா?

பழைய பட்டறை

இயல்புதான், தம்பி. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு மற்றொன்று. அந்த வேகத்தில் இரண்டு கியர்களுமே பொருந்துவதால் கணினி தடுமாறுகிறது. தாவும் ஒவ்வொரு முறையும் இரண்டு கிளட்சும் சற்றுத் தேயும். குறுகிய வளைவுக்கு முன்பே மேனுவல் நிலைக்கு மாற்றி, முதல் கியரில் திரும்பி, வண்டி நேரான பின் இரண்டாவதற்குப் போங்கள். மேட்டில் நிற்க நேர்ந்தால் ஆக்ஸிலரேட்டரால் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கை மிதியுங்கள். மேனுவல் நிலையில் மூன்றாவது கியரில் 1,500 சுழற்சியில் முழுவதும் மிதித்து இழுக்க வேண்டாம். சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின்களில் சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை நேரத்துக்கு முன்பே எரிந்துவிடும் கோளாறு அந்த நிலையில்தான் வரும். அடுத்த எண்ணெய் மாற்றத்தில் என்ஜின் எண்ணெய்க்கான ஏபிஐ எஸ்பி தரம் டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோளாறுக்கான சோதனையும் அத்தரத்தில் அடங்கும். 18 அங்குல வீலே வேண்டுமென்றால் 215/55 R18 டயர் போடுங்கள். அதன் விட்டம் 694 மில்லிமீட்டர்தான், பழைய அளவோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். மாட்டும் முன் அலாய் வீல் ஒவ்வொன்றையும் எடை போட்டு, பழையதைவிடக் கனமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.