பிளவர்ஹார்ன் மீன் தீனி எடுக்கவில்லை, மருந்தை எப்படிக் கொடுப்பது?

வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம். ஆண் பிளவர்ஹார்ன், 8 அங்குலம், 4 அடி தொட்டியில் தனியாக இருக்கிறது. கூட வேறு மீன் விட முடியாது. வெளியே துடைப்பத்தைக் கண்டாலே கண்ணாடியை முட்ட வரும். அந்த ரோஷத்துக்காகவே ஆசையாக வளர்த்தது.

தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. தீனியை வாயில் வாங்கி, மென்று, துப்பிவிடுகிறது. கழிவு வெள்ளையாக, நூல் மாதிரி தொங்குகிறது. தலைமேடும் வற்றிவிட்டது. வயிறு வீங்கவில்லை, உடம்பில் புள்ளியும் இல்லை.

குளோரின் நீக்கிய தண்ணீர் மாற்றியாச்சு, உப்பும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையும் போட்டாச்சு. ஹீட்டர் 30 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம். இறால் கொடுத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. (மாமா மட்டும் புளி கரைக்கட்டுமா என்கிறார்.)

குடலில் ஹெக்ஸாமிட்டா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், மெட்ரோனிடசோல் மருந்து கொடு என்றார் மீன் கடைக்காரர். அது தீனியில் கலந்தால்தான் நன்றாகக் கேட்கும். இவன்தான் வாயே திறப்பதில்லையே.

இதைத் தண்ணீரில் கலந்தே குணப்படுத்தியவர்கள், 200 லிட்டருக்கு எவ்வளவு போட்டீர்கள், எத்தனை நாள்?