அப்பாவின் மூளைக்கட்டி: பயாப்ஸி பிளாக்கை மட்டும் வேலூருக்கு அனுப்ப முடியுமா?

அப்பாவுக்கு வயது 61, ஊர் திருநெல்வேலி. தீபாவளிக்கு அப்புறம் காலையில் எழும்போதே தலைவலி, கூடவே வாந்தி. சைனஸ் மாத்திரை சாப்பிட்டார், கண்ணாடி மாற்றினோம், எதுவும் கேட்கவில்லை. பிறகு வார்த்தை வராமல் போனது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே "அது... அந்த தண்ணி குடிக்கிறது" என்பார். பொங்கல் சமயத்தில் வலிப்பு வந்ததும்தான் ஸ்கேன் எடுத்தார்கள்.

கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐயில் இடது டெம்போரல் பகுதியில் 4 செ.மீ. கட்டி, ஓரம் வளையமாக வெளுத்து, சுற்றிலும் வீக்கம். வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் கொடுத்ததும் பேச்சு கொஞ்சம் தெளிந்தது, வலிப்புக்கு லெவெடிராசிட்டம் ஓடுகிறது. பயாப்ஸி அறிக்கையில் 'ஹை கிரேடு கிளையோமா' (வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி) என்று மட்டும் இருக்கிறது. 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி ஐடிஹெச் மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளையோபிளாஸ்டோமா (அதில் மிகத் தீவிரமான வகை) என்று உறுதியாகச் சொல்ல முடியாது, டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்து எந்த அளவு பலன் தரும் என்று கணிக்க எம்ஜிஎம்டி என்ற இன்னொரு மரபணுவின் பரிசோதனை முடிவும் வேண்டும். இங்கே இரண்டும் செய்வதில்லையாம், வெளியே லேபில் கேட்டால் ஆளுக்கொரு பதில்.

கட்டித் திசுவை மெழுகில் பதித்த பிளாக்கும் ஸ்லைடும் வாங்கி வைத்திருக்கிறேன். அப்பாவை இப்போது அவ்வளவு தூரம் கூட்டிப்போக முடியாது. அவர் நேரில் வராமலே பிளாக்கை வேலூர் சிஎம்சி பேத்தாலஜியில் கொடுத்து இந்த இரண்டு பரிசோதனையும் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, என்னென்ன காகிதம் கேட்டார்கள்?