எதிரே வருபவரை விளக்கைச் சிமிட்டி எச்சரிப்பது சரியா?

குழுவினருக்கு வணக்கம். வேகத்தைக் கண்காணிக்கக் காவலர்கள் நிற்பதைக் கண்டால், எதிரே வருவோருக்கு முகப்பு விளக்கை இருமுறை சிமிட்டிக் காட்டுவது என் நெடுநாள் பழக்கம். சக ஓட்டுநருக்குச் செய்யும் உதவி என்றே அதை எண்ணியிருந்தேன். சென்ற வாரம் எதிரே வந்த ஒருவர் அவ்வாறு எச்சரித்ததும், எனக்கு முன்னால் சென்ற காரின் பிரேக் விளக்குகள் சிவந்தன; காவலர்களைக் கடந்த மறுகணமே அது மீண்டும் சீறிப் பாய்ந்தது. அடுத்த வளைவில் ஒரு முதியவர் சாலையைக் கடக்கக் காத்து நின்றிருந்தார்.

அன்றிலிருந்து மனம் ஒப்பவில்லை. வேகம் 50 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனாலே மோதலின் ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடும். எச்சரிக்கையால் சிறிது தொலைவுக்காவது வேகம் குறைகிறது என்பதும் உண்மைதான். ஆனால் நாம் காப்பாற்றிவிடுபவர் குடித்துவிட்டு ஓட்டுபவராக இருந்தால்?

சட்டமும் ஒரே குரலில் பேசவில்லை. பிரான்சில் 2012 முதல் வேகத்தைக் கண்காணிக்கும் கேமராக்களின் சரியான இடத்தைக் கைபேசிச் செயலிகள் காட்டக் கூடாது. அமெரிக்காவின் மிசௌரியிலோ, விளக்கைச் சிமிட்டியதற்காக ஓட்டுநர்களைத் தண்டிக்க 2014இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது.

காவல் பணியில் இருந்தவர்களும், தினமும் நெடுந்தொலைவு ஓட்டுபவர்களும் தங்கள் அனுபவத்திலிருந்து கூறுங்கள்: இப்பழக்கத்தை நான் விட்டுவிட வேண்டுமா?