மஞ்சக்குப்பத்தில் மூன்று போர்ஷன் வீடு: வாங்கலாமா?

கேள்வி:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. முன் போர்ஷனில் நாங்கள் குடியேறி, மற்ற இரண்டையும் வாடகைக்கு விட எண்ணம். சுவரில் இடுப்பளவுக்கு உப்பு பூத்திருக்கிறது. சமையலறையின் மேல்தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. வெள்ளையடித்தால் போதும் என்கிறார் விற்பவர். மூன்றுக்கும் ஒரே மின் மீட்டர். துணிந்து இறங்கலாமா?

பதில் 1:
வெள்ளையடித்தால் உப்பு மறையும், அடுத்த மழை வரைக்கும். கடற்காற்றில் துருவேறிய கம்பி பருத்துத்தான் காரையைத் தள்ளுகிறது. சின்னச் சுத்தியலால் தளம் முழுவதும் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடமெல்லாம் செலவு. அதை விலையில் குறைத்துக் கேளுங்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டாரிடம் விசாரியுங்கள். தரகரிடம் வேண்டாம், அவருக்கு ஊரே மேடு.

பதில் 2:
தனித்தனி மீட்டர் இல்லாமல் குடிவைக்காதீர்கள்; மாதாமாதம் சண்டை. வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். வருமான வரியில், வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு. ரசீது காட்ட வேண்டியதில்லை.

கேட்டவர்:
நன்றி ஐயா. பின் போர்ஷனில் ஒரு பாட்டி குடியிருக்கிறார். காலி செய்யச் சொல்ல மனமில்லை.

பதில் 2:
இருக்கட்டும். 2017 வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடுங்கள். பாட்டி கொடுத்த முன்பணம் விற்பவரிடம்தானே இருக்கிறது? அதை விலையில் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.