மறு: மறு: ‘டைம்கோட் ரெக்கார்டு’க்குத் தமிழ்ச் சொல், நாளை காலைக்குள்

நண்பர்களே,

டிஜே பயிற்சிக் கையேட்டின் ஆறாம் பாடம் நாளை காலை அச்சுக்குப் போகிறது. கணினியில் இருக்கும் பாட்டைத் தட்டு வழியாகக் கையால் ஆட்டிவைக்க உதவும் ‘டைம்கோட் ரெக்கார்டு’க்கு மட்டும் இன்னும் தமிழ்ச் சொல் முடிவாகவில்லை.

> “இசையே பதியாத தட்டுக்கு இசைத்தட்டு என்று பேரா?”

நியாயமான கேள்வி. நேற்று அப்படி ஒரு தட்டைக் கணினியில் இணைக்காமல், சாதாரண ரெக்கார்டு போல ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கேட்டேன். ‘கீ’ என்று ஒரே விசில். கையால் பின்னுக்கு இழுத்தால் விசில் இறங்கி, நின்று, மறுபடி ஏறுகிறது. செராட்டோ என்ற டிஜே மென்பொருளுக்கான தட்டில் இருப்பது 1,000 ஹெர்ட்ஸ் தொனி. இடப்பக்க ஒலியும் வலப்பக்க ஒலியும் சற்றே முன்பின்னாகப் பதிந்திருக்கின்றன. எது முந்துகிறது என்பதை வைத்துச் சுற்றும் திசையை மென்பொருள் கண்டுகொள்கிறது. சுருதி ஏறி இறங்குவதில் வேகம் தெரிகிறது. தொனிக்குள் பொதிந்த குறியீடு, ஊசி நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. பாட்டு கணினியில் இருக்கிறது, கை தட்டில் இருக்கிறது. அதனால்தான் ‘குறித்தட்டு’ என்றேன்.

> “குறித்த, குறிக்கின்ற, குறிக்கும் தட்டு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘குறிதட்டு’ என்பதே சரி.”

புலவர் ஐயா, ஊறுகாய், சுடுசோறு வரிசையில் அது சரியாகவே உட்காரும். ஆனால் ‘குறிதட்டு’ என்று படிக்கிற மாணவர் அதை ஏவலாக எடுத்துக்கொள்வார். குறியை உடைய தட்டு என்று விரித்தால் ‘த்’ மிகும். இசைத்தட்டுக்குப் பக்கத்தில் உறவாகவும் நிற்கும். பகற்குறி, இரவுக்குறி பற்றி நீங்கள் எழுதிய நான்கு மடல்களையும் ரசித்துப் படித்தேன். தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடம்போல, ஊசியும் பாட்டும் சந்திக்கும் இடம் என்ற விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பாடத்தில் அதற்கு இடமில்லை என்பதுதான் வருத்தம்.

ஓடும் ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஒலி எழுப்பும் ‘ஸ்கிராட்ச்’ அப்படியே இருக்கட்டும். ‘சுரண்டல்’ என்றால் உழைப்புச் சுரண்டல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘கீறல்’ இன்னும் மோசம். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று எதைச் சொல்கிறோம்? தட்டின் பழுதுக்குரிய பெயரைக் கையின் வித்தைக்குச் சூட்ட எனக்கு மனமில்லை.

> “சாகப்போகிற பொருளுக்கு எதற்குக் கலைச்சொல்?”

டிஜேக்கள் ரெக்கார்டு ஓட்டும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 சுழல்மேசையை 2010இல் நிறுத்தினார்கள். 2016இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 2022இல் சிடியைவிட ரெக்கார்டு அதிகம் விற்றது. அதில் பெரும்பங்கு வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்கள் வாங்கியது என்றே நினைக்கிறேன். டிஜே மேடையில் இன்று, கையால் திருப்பும் வட்டம் கொண்ட சிடிஜே பிளேயரும் பென்டிரைவும்தான். ஆனாலும் வட்டத்தைக் கையால் பிடித்து நிறுத்தித் தாளம் சேர்க்கும் பழக்கம் போகவில்லை. அந்தக் கைக்குத்தான் சொல் தேடுகிறோம்.

பெரும்பாலோர் களைத்துப்போய் ‘குறித்தட்டு’க்குச் சம்மதம் சொல்லிவிட்டீர்கள். முதல் முறை வரும்போது ‘டைம்கோட் எனப்படும் குறித்தட்டு’ என்று எழுதுகிறேன், பிறகு குறித்தட்டு மட்டும். மேடையில் வாசிக்கும் தம்பி மட்டும் ஒப்பவில்லை:

> “நாங்க டைம்கோட்னுதான் சொல்லுவோம், அண்ணா. இப்ப தட்டு நடுவுல சின்ன சென்சார் வெச்சா ஊசியே வேணாம். எந்தப் பழைய ரெக்கார்டும் அந்த வேலையைச் செய்யும். அப்ப அதுல குறி எங்க இருக்கு?”

தம்பி சொல்வது உண்மை. ஆறாம் பாடம் ஊசியோடு முடிகிறது. சென்சார் ஒன்பதாம் பாடத்தில் வருகிறது. அதற்குள் வேறு சொல் கிடைத்தால் எழுதுங்கள். பிழைதிருத்தப் படியை இன்றிரவே அனுப்பிவிடுகிறேன்.