எடப்பாடியார் 2026-ல் முதல்வராக முடியுமா? (2025 இறுதியில் நடந்த விவாதம்)

வைகைக்கரையான்:
2025 நவம்பர் 27 அன்று அதிமுகவின் மூத்த தலைவர் செங்கோட்டையன் விஜய்யின் தவெகவில் சேர்ந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1977-ல் எம்ஜிஆர் காலத்திலேயே சட்டமன்றத்துக்குள் போனவர். ஒன்பது முறை எம்எல்ஏ. பிரிந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். மறுநாளே கட்சிப் பொறுப்புகள் பறிக்கப்பட்டன, அக்டோபர் 31-ல் கட்சியிலிருந்தே நீக்கினார்கள். பன்னீர்செல்வம் வெளியே, தினகரன் வெளியே, சசிகலா வெளியே, இப்போது கோபிச்செட்டிப்பாளையத்துச் செங்கோட்டையனும் வெளியே. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இரட்டை இலைக்குத்தான் ஓட்டு. அந்த உரிமையில் சொல்கிறேன்: எடப்பாடியார் பொதுச்செயலாளர் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டார், முதல்வர் நாற்காலிக்குப் போகும் வழியைத் தானே அடைத்துவிட்டார். மறுப்பவர்கள் எண்களோடு வாருங்கள்.

காவிரிப் பாசனம்:
எண்களோடே வருகிறேன். 2017 பிப்ரவரி 18 அன்று 122 ஓட்டோடு நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்தபோது இந்த மனிதரை யார் மதித்தார்கள்? இன்றைக்கு விழும், நாளைக்கு விழும் என்றுதான் பேசினார்கள். 19 எம்எல்ஏக்கள் ஆளுநரிடம் போய் எதிராக மனுக் கொடுத்தார்கள். நான்கு வருடத்துக்கு மேல் ஆட்சியை ஓட்டி முடித்துத்தான் இறங்கினார்.

2019 மே 23-ஐ நினைத்துப் பாருங்கள். மக்களவையில் தேனி ஒன்றுதான் கிடைத்தது, மற்றது எல்லாம் போச்சு. ஆனால் அதே நாளில் எண்ணப்பட்ட 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் 9 அதிமுகவுக்கு. ஆட்சி நின்றது. ஒரே வாக்காளர் டெல்லிக்கு ஒரு மாதிரியும் கோட்டைக்கு வேறு மாதிரியும் ஓட்டுப் போடுகிறார். 2004-ல் அம்மா இருந்தபோதே நாற்பதும் போனது, இரண்டு வருடம் கழித்து 2006-ல் 61 இடம் வந்தது. ஆகவே 2024 மக்களவை முடிவைக் காட்டி 2026-ஐத் தீர்மானிக்காதீர்கள்.

2021-ல் எம்ஜிஆரும் இல்லை, அம்மாவும் இல்லை. பத்து வருட ஆட்சியின் சலிப்பு, கொரோனா, வெளியே தினகரன் தனிக்கட்சியோடு நின்றது, இத்தனையும் சேர்ந்தும் 66 இடம், 33 சதவீதம். கோவை மாவட்டம் பத்துக்குப் பத்து கூட்டணிக்கு. தர்மபுரி ஐந்துக்கு ஐந்து. சேலத்தில் பதினொன்றில் பத்து. எடப்பாடித் தொகுதியில் 93,000-க்கு மேல் வித்தியாசம். இது அவர் சொந்தமாகச் சம்பாதித்த ஓட்டு. அதை யாரும் அவருக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

வைகைக்கரையான்:
கோவை, சேலம், தர்மபுரி. நீங்கள் சொன்ன மூன்றுமே மேற்கு. தெற்கே வாருங்கள். 2024-ல் தேனியில் இலைக்கு மூன்றாம் இடம். ராமநாதபுரத்தில் பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று இரண்டாம் இடம் வந்தார், இரட்டை இலை அவருக்குப் பின்னால். நெல்லையிலும் குமரியிலும் நாம் தமிழருக்கும் கீழே போய் நான்காம் இடம். டெபாசிட்டே ஏழு இடத்தில் போனது. எம்ஜிஆர் மதுரையை நம்பித்தான் கட்சி வளர்த்தார். அந்த மண்ணில் இந்த நிலை வந்ததற்கு ஒரு காரணம் வேண்டாமா?

2021 பிப்ரவரி 26-ல், தேர்தல் அறிவிப்பு வந்த அதே நாளில், வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு. பாமகவைக் கூட்டணியில் பிடித்து வைக்கச் செய்த காரியம். நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சட்டம் போய்விட்டது, எங்கள் பக்கத்தில் அது உண்டாக்கின கசப்பு போகவில்லை. 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் ஓபிஎஸ்ஸையும் நீக்கினார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள்.

அப்புறம், அம்மாவை உதாரணம் காட்டுகிறீர்களே. 1996-ல் நான்கே இடம். பர்கூரில் அவரே தோற்றார். 2001-ல் எப்படி வந்தார்? மூப்பனார், பாமக, காங்கிரஸ், இடதுசாரிகள் என்று எல்லோரையும் ஒரே பந்தலுக்குக் கொண்டுவந்தார். தோற்றவர் செய்ய வேண்டிய முதல் வேலை அது. இவர் தோற்ற பிறகு ஆளைக் குறைத்துக்கொண்டே போகிறார்.

காவிரிப் பாசனம்:
ஓபிஎஸ் விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியாது. தர்மயுத்தம் என்று சொல்லிச் சொந்தக் கட்சியின் அரசுக்கு எதிராக 2017-ல் ஓட்டுப் போட்டவரைக் கூப்பிட்டுத் துணை முதல்வர் ஆக்கினார். ஒருங்கிணைப்பாளர் பதவியும் அவருக்கு. ஐந்து வருடம் இரட்டைத் தலைமையில் வேட்பாளர் படிவத்தில் இரண்டு கையெழுத்து வாங்கி அலைந்த கட்சி இது. ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் ஆகாது. உச்ச நீதிமன்றமும் 2023 பிப்ரவரியில் அந்தப் பொதுக்குழு செல்லும் என்றது.

எங்கள் பக்கம் அவரை ஏன் பிடிக்கிறது தெரியுமா? பேச்சுக்காக இல்லை. பேச்சு அவருக்குப் பெரிதாக வராது, தாளைப் பார்த்துத்தான் படிக்கிறார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் என்று 2020-ல் ஆளுநர் கையெழுத்துக்குக் காத்திராமல் அரசாணை போட்டார். முதல் வருடமே முந்நூறு பிள்ளைகளுக்கு மேல் எம்பிபிஎஸ் இடம். எங்கள் தெருவில் தறி ஓட்டுகிறவர் மகள் அந்த ஒதுக்கீட்டில்தான் போனாள். கவுன்சலிங் முடிந்து வந்த அன்று அந்த அப்பா தறியை நிறுத்திவிட்டு, அனுமதிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீடு வீடாகக் கொண்டுவந்து காட்டினார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மகள் பெயர் இருக்கிற இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த வீட்டு ஓட்டை நீங்கள் எந்தக் கூட்டணிக் கணக்கில் எழுதுவீர்கள்?

தாமிரபரணி:
அந்தப் பெண் படித்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே ஆட்சியில்தான் 2018 மே 22, 23-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் முதல்வர். தலைமைச் செயலாளரும் டிஜிபியும் அவருக்கு நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்று அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை சொன்னது. எங்கள் மாவட்டத்தில் அதை யாரும் மறக்கவில்லை, நானும் மறக்கமாட்டேன்.

இன்னொன்று. 2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் அதிமுக ஆதரவாக ஓட்டுப் போட்டது. 2023 செப்டம்பரில் பாஜகவை விட்டு விலகியபோது எங்கள் ஜமாத்தில் நிறையப் பேர் சரி, பழையதை மறப்போம் என்றார்கள். 2025 ஏப்ரல் 11-ல் சென்னையில் அமித் ஷா பக்கத்தில் உட்கார்ந்து கூட்டணி அறிவிப்பு. இனி எந்த முகத்தோடு இங்கே ஓட்டுக் கேட்பார்?

காவிரிப் பாசனம்:
தூத்துக்குடிக்கு என்னிடம் பதில் இல்லை. அது அவர் சுமக்க வேண்டியதுதான்.

கூட்டணிக்கு வருகிறேன். 2024-ல் திமுக கூட்டணி சுமார் 47 சதவீதம். அதிமுக கூட்டணி 23. பாஜக கூட்டணி 18. பின்னவை இரண்டையும் கூட்டினால் 41. இடைவெளி ஆறு. ஐந்து வருட ஆட்சியின் அதிருப்தி அதில் பாதியை இந்தப் பக்கம் திருப்பினால் போதும், சமமாகிவிடும். தனியே நின்றால் அந்தக் கணக்கே கிடையாது. கூட்டணி வைத்த ஒரே வாரத்தில், கூட்டணிதான், கூட்டணி ஆட்சி இல்லை என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

வைகைக்கரையான்:
கூட்டல் கணக்கில் இரண்டு ஓட்டை. அந்த 18-ல் அமமுகவும் ஓபிஎஸ்ஸும் பாமகவும் அடக்கம். முதல் இருவரையும் இவர் வேண்டாம் என்கிறார், மூன்றாவது வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்குமே ஒத்துவரவில்லை. இரண்டாவது, விஜய். 2024-ல் அவர் களத்தில் இல்லை. ஆட்சி மேல் கோபம் வந்த ஓட்டு நேராக இலைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் முன்பு இருந்தது. இப்போது இல்லை. கரூரில் விஜய் கூட்டத்து நெரிசலில் 41 உயிர் போன பிறகும் அந்தக் கட்சியை நோக்கி ஆட்கள் போகிறார்கள் என்பதற்குச் செங்கோட்டையனே சாட்சி. எதிர்க்கட்சித் தலைவர் என்றால் கோபப்பட்டவனுக்கு முதலில் ஞாபகத்துக்கு வரும் முகமாக இருக்க வேண்டும். இவர் அப்படி இருக்கிறாரா?

காவிரிப் பாசனம்:
இருக்கிறார் என்றுதான் சொல்வேன். கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தில் அறுபது பேருக்கு மேல் செத்தபோது சட்டமன்றத்தில் குரல் கொடுத்து, கூட்டத்தொடர் முழுக்க சஸ்பெண்ட் ஆனவர்கள் அதிமுக எம்எல்ஏக்கள். மறுநாளே உண்ணாவிரதம் இருந்தார்கள். 2025 ஜூலையில் மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்த சுற்றுப்பயணத்தில் தொகுதி தொகுதியாக வண்டியில் நின்று பேசுகிறார். எழுபது வயதைத் தாண்டியவர். உழைப்பில் குறை சொல்லாதீர்கள்.

பெண்ணையாற்றுக்காரன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் இருவரும் யாரைச் சேர்த்தார், யாரை விட்டார் என்றே பேசுகிறீர்கள். எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். விக்கிரவாண்டித் தொகுதி.

2019 அக்டோபர் இடைத்தேர்தலில் இங்கே இலை 1,13,766 ஓட்டு வாங்கி, 44,924 வித்தியாசத்தில் ஜெயித்தது. அப்போது முதல்வர் எடப்பாடியார். 2021-ல் 9,573 ஓட்டில் திமுகவிடம் தோற்றது, ஆனாலும் 84,157 பேர் இலைக்குப் போட்டார்கள். 2024 ஜூலையில் மறுபடி இடைத்தேர்தல். ஆளுங்கட்சியின் பணத்தையும் அதிகாரத்தையும் காரணம் சொல்லி அதிமுக புறக்கணித்தது. முடிவு: திமுக 1,24,053. பாமக 56,296. முந்தைய தேர்தலைவிட உதயசூரியனுக்கு முப்பதாயிரம் ஓட்டு அதிகம்! அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்கு நான் வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டர் தள்ளி வேப்ப மரத்தடியில் நின்றிருந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தார். எம்ஜிஆரை நேரில் பார்த்தவர், வேறு சின்னத்தைக் கையால் தொட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லுவார். மை வைத்த விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "தம்பி, மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன், எலையவே காணோமே, மெஷினு ரிப்பேரா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்போ நான் அமுக்குனது தப்பாயிடுச்சே" என்றார். எதை அமுக்கினார் என்று நான் கேட்கவில்லை.

ஈரோடு கிழக்கிலும் 2025 பிப்ரவரியில் இதே புறக்கணிப்பு. ஒரு தடவை வேறு பொத்தானை அமுக்கிப் பழகிய விரலுக்கு அடுத்த தடவை தயக்கம் குறைவு. வைகைக்கரையான் பேசுகிற தலைவர்களின் பிரிவைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. எடப்பாடியார் ஜெயிப்பாரா என்று கேட்டால், இந்த ஓட்டெல்லாம் திரும்பினால் ஜெயிப்பார். திரும்பும் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காவிரிப் பாசனம்:
இடைத்தேர்தலில் நின்று பணத்தைக் கொட்டித் தோற்றிருந்தால், தோல்வி மேல் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். 2023-ல் ஈரோடு கிழக்கில் நின்றுதானே பார்த்தோம். ஆனால் பாட்டி கேட்ட கேள்வி என்னை உறுத்துகிறது. அவர் இந்த முறை இலைக்குத் திரும்புவார் என்றுதான் நினைக்கிறேன்.

வைகைக்கரையான்:
பாட்டி திரும்பலாம். பேரன் விஜய்க்குப் போடுவான். அவன் அதை வீட்டில் மறைக்கவும் மாட்டான்.

பெண்ணையாற்றுக்காரன்:
பேரன் விஷயம் தெரியாது. பாட்டி விஷயம் சொல்கிறேன். போன வாரம் எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) படிவம் நிரப்ப அதிமுக பூத் முகவர் எங்கள் தெருவுக்கு வந்தார். பழைய பட்டியலில் பாட்டியின் பெயரைத் தேடி எடுத்து, திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக எழுதிக் கொடுத்தார். நல்ல பையன். கைநாட்டு வைத்து முடித்ததும் பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இந்த வாட்டியாவது எல இருக்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். விக்கிரவாண்டி கூட்டணிக் கட்சிக்குப் போகுமா, கட்சியே நிற்குமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "பங்கீடு முடியட்டும் பாட்டி, வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.